கட்-ஆஃப் 170.5, எம்பிசி, தர்மபுரி மாவட்டம்: சாய்ஸ் லிஸ்டில் எதை முதலில் போடுவது?

பென்னாகரத்தான்

எல்லோருக்கும் வணக்கம். தங்கையின் பொறியியல் கவுன்சிலிங்குக்காகக் கேட்கிறேன். பிளஸ் டூவில் கணக்கு 88, இயற்பியல் 81, வேதியியல் 84. கணக்கு அப்படியே 88, மற்ற இரண்டும் பாதியாக 40.5, 42. ஆக 200-க்கு 170.5. வகுப்பு எம்பிசி. ரேண்டம் நம்பர் வந்துவிட்டது, ரேங்க் லிஸ்ட் இன்னும் வரவில்லை.

நான் ஐடிஐ முடித்துவிட்டுத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறேன். வீட்டில் காலேஜ் வாசலை மிதிக்கப்போகிற முதல் ஆள் அவள்தான். எனக்கு இதில் ஒன்றும் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு கேள்விகள். ஒன்று, சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒருவர், இப்போதே 50,000 அட்வான்ஸ் கட்டினால் ஒரு காலேஜில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் உறுதி, கவுன்சிலிங்கை நம்பினால் கடைசியில் ஆள் சேராத காலேஜ்தான் கிடைக்கும் என்கிறார். கட்டலாமா? இரண்டாவது, நம் கட்-ஆஃபுக்கு எட்டுகிற காலேஜைத்தான் லிஸ்டில் மேலே போட வேண்டும், பெரிய காலேஜை மேலே போட்டால் சாய்ஸ் வீணாகிவிடும் என்று பிரவுசிங் சென்டரில் சொன்னார்கள். உண்மையா?

கோவைக்குசும்பன்

முதல் கேள்விக்குப் பதில்: கட்டாதீர்கள்.
இரண்டாவதுக்குப் பதில்: பொய்.
விளக்கம் சொல்லப் பெரியவர்கள் வருவார்கள், நான் டீ குடிக்கப் போகிறேன்.

சேர்க்கை_ஆலோசனை

நண்பரே, 170-க்கு நல்ல காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கவுன்சிலிங்கில் கஷ்டம். கடைசி நேரத்தில் அலைவதைவிட இப்போதே பிளாக் செய்துகொள்வது புத்திசாலித்தனம். தனிச்செய்தியில் வாருங்கள், மூன்று காலேஜ் இருக்கிறது, பட்ஜெட்டுக்குத் தகுந்தபடி பேசலாம்.

மெக்_படித்தவன்

ஜூன் மாதம் வந்தாலே இந்த மாதிரி ஆலோசகர்கள் மழைக்காலத்து ஈசல் மாதிரி கிளம்பிவிடுகிறார்கள். பென்னாகரத்தான், தனிச்செய்திக்குப் போகாதீர்கள். பேச வேண்டியதை இங்கேயே பேசட்டும்.

என் கதையைச் சொல்கிறேன். 2016-இல் இதே மாதிரி பயந்து, கவுன்சிலிங்குக்கு முன்பே ஒரு காலேஜில் மேனேஜ்மென்ட் சீட் போட்டோம். பெயர் வேண்டாம். அட்வான்ஸோடு டிசி, மார்க் ஷீட் எல்லாம் ஒரிஜினலாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்புறம் கவுன்சிலிங்கில் அதைவிட நல்ல இடம் கிடைத்தது. சான்றிதழைத் திருப்பிக் கேட்டால், முதல் வருடக் கட்டணம் முழுவதையும் கட்டிவிட்டு எடுத்துப் போ என்றார்கள். அப்பா மூன்று நாள் அந்த ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் தெரிந்த வக்கீல் ஒருவர், ஒரிஜினலைப் பிடித்து வைப்பது ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) விதிக்கே எதிரானது, வகுப்பு தொடங்கும் முன் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும் என்று ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அடுத்த நாளே டிசி வந்தது. பணத்தில் பாதி இன்னும் வரவில்லை. இனி வரவும் வராது.

பென்னாகரத்தான்

ஐயோ. சித்தப்பா நாளைக்கே பணத்தோடு போகலாம் என்கிறார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

கிண்டி2003

தம்பி, பயப்படாதீர்கள். இந்த "கடைசியில் ஒன்றும் கிடைக்காது" பயத்தை நான் 2003-லேயே பார்த்திருக்கிறேன். அப்போது நுழைவுத்தேர்வு உண்டு. பிளஸ் டூவுக்கு 200, நுழைவுத்தேர்வுக்கு 100, மொத்தம் 300-க்குக் கட்-ஆஃப். கவுன்சிலிங் என்றால் கிண்டிக்கு நேரில் வர வேண்டும். ஊரிலிருந்து ராத்திரி பஸ் ஏறி, காலையில் அண்ணா பல்கலைக்கழக மைதானத்தில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்போம். திரையில் ஒவ்வொரு காலேஜிலும் எத்தனை இடம் மிச்சம் என்று எண் குறைந்துகொண்டே போகும். அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்தே அப்பாக்களுக்கு ரத்த அழுத்தம் ஏறும். வாசலில் நோட்டீஸ் கொடுப்பவர்கள் அப்போதும் இருந்தார்கள். 2007-08 சேர்க்கையோடு நுழைவுத்தேர்வு போயிற்று, 2018-இல் கவுன்சிலிங் ஆன்லைனுக்கு வந்தது, அடுத்த வருடம் நடத்தும் பொறுப்பும் அண்ணா பல்கலையிலிருந்து தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்குப் போயிற்று. நோட்டீஸ் கொடுப்பவர்கள் மட்டும் அப்படியே இருக்கிறார்கள், இப்போது தனிச்செய்தியில்.

காசுக் கணக்கையும் பாருங்கள். சிறுபான்மை அல்லாத சுயநிதிக் கல்லூரிகளில் 65 சதவீத இடம் கவுன்சிலிங்குக்கு வருகிறது, சிறுபான்மைக் கல்லூரிகளில் பாதி. 2017-இல் கட்டணக் குழு நிர்ணயித்தது கவுன்சிலிங் சீட்டுக்கு வருடம் 50,000, என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000. மேனேஜ்மென்ட் சீட்டுக்கு 85,000, 87,000. குழு நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை என்று கேட்டால் அது 1992-ஆம் வருடச் சட்டப்படியே குற்றம். ரசீது கேட்டுப் பாருங்கள், ஆலோசகர் முகம் மாறும்.

சேர்க்கை_ஆலோசனை

உண்மை நிலவரம் தெரியாமல் பேசுகிறார்கள். எல்லா இடத்திலும் நடப்பதுதான்.

கோவைக்குசும்பன்

டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். "எல்லா இடத்திலும் நடப்பது" என்பது ரசீதுக்கு மாற்று இல்லை அண்ணே.

கணக்கு_வாத்தியார்

நான் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுப்பவன். ஒவ்வொரு வருடமும் என் மாணவர்களோடு உட்கார்ந்து இந்த லிஸ்டைப் போடுவதால் இரண்டாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பிரவுசிங் சென்டரில் சொன்னது முழுத் தவறு. கணினி என்ன செய்கிறது? ரேங்க்படி ஒவ்வொருவராக எடுத்துக்கொள்கிறது. உங்கள் தங்கையின் முறை வரும்போது அவள் லிஸ்டை மேலிருந்து கீழே படிக்கிறது. முதலில் இருக்கிற காலேஜில் பொதுப் போட்டியிலோ அவள் வகுப்புக்கான இடங்களிலோ ஒன்று காலியாக இருந்தால் கொடுத்துவிடுகிறது. இல்லையென்றால் இரண்டாவது. அதுவும் இல்லையென்றால் மூன்றாவது. கிடைக்காத காலேஜை மேலே போட்டதற்காக அபராதம் எதுவும் இல்லை. கோவை பிஎஸ்ஜியை முதலிடத்தில் போட்டுவிட்டு அது கிடைக்காமல் போனால், இரண்டாவது இடத்தில் இருக்கிற காலேஜில் அவளுக்கு உள்ள வாய்ப்பு கடுகளவும் குறையாது.

நிஜமான ஆபத்து வேறு. மனதுக்குப் பிடிக்காத ஒன்றை, "இதுதான் எப்படியும் கிடைக்கும்" என்று மேலே வைத்தால் அதுதான் கிடைக்கும். கணினி அதற்குக் கீழே எட்டியே பார்க்காது.

ஆற்றங்கரை

வாத்தியார் சார், என் மச்சானுக்கு அப்படித்தான் போயிற்று. பெரிய காலேஜாகவே போட்டான், முதல் ரவுண்டில் ஒன்றுமே வரவில்லை.

கணக்கு_வாத்தியார்

எத்தனை சாய்ஸ் போட்டார்?

ஆற்றங்கரை

பன்னிரண்டு.

கணக்கு_வாத்தியார்

அதுதான் காரணம். மேலே பெரிய காலேஜ் இருந்தது தவறில்லை, கீழே வேறு காலேஜ் இல்லாததுதான் தவறு. எத்தனை வேண்டுமானாலும் போடலாம் என்கிறபோது பன்னிரண்டோடு ஏன் நிறுத்த வேண்டும்? 170-இல் இருக்கிற பிள்ளைக்கு நான் எண்பது, நூறு போடச் சொல்வேன். போன வருடம் எந்தக் காலேஜில், எந்தப் பிரிவில், எந்த வகுப்புக்கு எந்த மார்க்கோடு இடம் முடிந்தது என்று இயக்ககத்தின் தளத்திலேயே இருக்கிறது. அதில் எம்பிசி வரிசையைப் பாருங்கள். 180 வரை மேலே, 160 வரை கீழே எடுத்து ஒரு நோட்டில் எழுதுங்கள். அப்புறம் மார்க்கை மறந்துவிட்டு, "இதுவும் அதுவும் கிடைத்தால் எதற்குப் போவாய்?" என்று இரண்டிரண்டாகக் கேட்டு வரிசைப்படுத்துங்கள். நோட்டில்தான் செய்ய வேண்டும். போனில் செய்தால் கண் தப்பும்.

காலேஜ் கோடு எண்ணையும் எழுதுங்கள். கோவையில் ஜிசிடி 2005, பிஎஸ்ஜி 2006, சிஐடி 2007. ஓர் எண் தள்ளினால் வேறு காலேஜ். ஒரே மாதிரிப் பெயர் வைத்த காலேஜ்கள் வேறு ஏராளம்.

தேன்சிட்டு

நான் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) முடித்து எட்டு வருடம் ஆகிறது. லிஸ்ட் போடும் முன் இன்னொன்றையும் பாருங்கள். அண்ணா பல்கலையின் கீழ் இருக்கும் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதம் செமஸ்டர்வாரியாக வருகிறது. ஒற்றை இலக்கத்தில் தேர்ச்சி காட்டிய காலேஜ்கள் அதில் உண்டு. ஆனால் தன்னாட்சிக் கல்லூரி என்றால் கேள்வித்தாளும் அவர்களே, திருத்துவதும் அவர்களே, அங்கே 90 சதவீதத்தைப் பார்த்து மயங்கக் கூடாது. ஒன்றோடு ஒன்றை ஒப்பிடாதீர்கள்.

ஆசிரியர் பட்டியலையும் அப்படியே நம்பாதீர்கள். ஒரே ஆளின் பெயர் பல காலேஜ்களின் கணக்கில் இருந்ததை 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளியிட்டது ஞாபகம் இருக்கும். முடிந்தால் ஒரு நாள் நேரில் போங்கள். முதல்வர் அறைக்கு வேண்டாம், காலேஜ் பஸ் நிற்கிற இடத்துக்குப் போய் மூன்றாம் வருடப் பெண்கள் இரண்டு பேரிடம் கேளுங்கள். லேபில் மெஷின் ஓடுகிறதா, ஹாஸ்டலில் தண்ணீர் வருகிறதா, போன வருடம் உங்கள் பிரிவில் எத்தனை பேருக்கு வேலை வந்தது. போர்டில் போட்டிருக்கும் "அதிகபட்சச் சம்பளம்" ஒரே ஒரு ஆளுடையது.

அப்புறம் ஒரு கேள்வி. இவ்வளவு நேரமாகப் பேசுகிறோம், தங்கைக்கு என்ன பிடிக்கும் என்று யாருமே கேட்கவில்லையே?

பென்னாகரத்தான்

அக்கா, நியாயமான கேள்வி. நானும் கேட்டதில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்று நானாக முடிவு செய்துவிட்டேன். இப்போது போன் போட்டுக் கேட்டேன். இசிஇ என்கிறாள். ஏன் என்றால் சரியான பதில் இல்லை. "கம்ப்யூட்டரை எல்லாரும்தான் எடுக்கிறார்கள்" என்கிறாள். இதெல்லாம் ஒரு காரணமா?

மெக்_படித்தவன்

நீங்கள் கம்ப்யூட்டர் சயின்ஸ் சொன்னதற்கும் அதே காரணம்தானே, தலைகீழாக.

கிண்டி2003

என் பங்குக்கு: நல்ல காலேஜில் இரண்டாவது விருப்பப் பிரிவா, சுமாரான காலேஜில் முதல் விருப்பப் பிரிவா என்று வந்தால் நான் காலேஜ் பக்கம். என் வகுப்பில் மெக்கானிக்கல் படித்தவர்களில் பாதிப் பேர் இன்று ஓஎம்ஆர் சாலையில் கோடிங்தான் எழுதுகிறார்கள். அக்கம்பக்கத்தில் படிக்கிற பையன்கள் சரியாக இருந்தால் பாடம் தானாக வரும்.

தேன்சிட்டு

இதில் எனக்கு உடன்பாடு இல்லை அண்ணா. பிடிக்காத பாடத்தில் நான்கு வருடம் அரியர் வைத்த தோழிகளைப் பார்த்திருக்கிறேன், பெரிய காலேஜில்தான். 2003-இல் இருந்த வேலை நிலவரத்தை வைத்து இன்று பேச முடியாது. இசிஇ என்றால் எலக்ட்ரானிக்ஸ், சாப்ட்வேர் என்று இரண்டு பக்கமும் கதவு இருக்கிறது என்பதை மட்டும் சொல்வேன்.

கணக்கு_வாத்தியார்

அந்தச் சண்டை ஓயாது, விடுங்கள். பென்னாகரத்தான், வேறொன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. தங்கை எந்தப் பள்ளி? ஆறாம் வகுப்பிலிருந்து எங்கே படித்தாள்?

பென்னாகரத்தான்

ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிதான் சார். எட்டு வரை எங்கள் ஊரிலேயே, அப்புறம் பென்னாகரத்தில்.

கணக்கு_வாத்தியார்

இதை முதல் வரியில் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்! ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-இலிருந்து 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அரசுக் கல்லூரியில் அறுபது பேர் இருக்கும் பிரிவில் நான்கைந்து இடத்துக்கு அவர்களுக்குள் மட்டும்தான் போட்டி. பொதுப் பட்டியலிலும் பெயர் இருக்கும், இதற்குத் தனி ரேங்கும் வரும். அதைவிட முக்கியம், அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. நீங்கள் 50,000 அட்வான்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்!

விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தில் "ஆம்" என்று போட்டிருக்கிறதா? இப்போதே பாருங்கள்.

பென்னாகரத்தான்

சார், விண்ணப்பத்தின் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். அதில் "இல்லை" என்று இருக்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரி என்பதற்கும் "இல்லை". பிரவுசிங் சென்டரில் கூட்டம், அந்தப் பையன் கடகடவென்று அடித்துவிட்டு 150 ரூபாய் வாங்கிக்கொண்டான் என்கிறாள். கை நடுங்குகிறது.

கோவைக்குசும்பன்

இப்போது குசும்பு வரவில்லை. சார், திருத்த முடியுமா?

கணக்கு_வாத்தியார்

ரேங்க் லிஸ்ட் வரவில்லை என்றுதானே சொன்னார், அதனால் வழி இருக்கிறது. நாளைக் காலை முதல் வேலையாக அவள் படித்த பள்ளிகளுக்குப் போய்த் தலைமை ஆசிரியரிடம் ஆறு முதல் பன்னிரண்டு வரை அங்கே படித்ததற்குச் சான்று வாங்குங்கள். இரண்டு பள்ளி என்பதால் இரண்டு சான்று. பள்ளிக் கல்வித் துறைப் பதிவில் அவளுக்கு இருக்கும் இஎம்ஐஎஸ் எண்ணையும் குறித்து வாங்குங்கள். அதோடு உங்கள் மாவட்டத்தில் இருக்கும் பொறியியல் சேர்க்கை உதவி மையத்துக்கு நேரில் போங்கள். போன் வேண்டாம், நேரில். ரேங்க் லிஸ்ட் வந்த பிறகும் குறை சொல்ல நான்கைந்து நாள் கொடுப்பார்கள், ஆனால் அதுவரை காத்திருக்காதீர்கள். முதல் தலைமுறைச் சான்றுக்கு இன்றே இ-சேவையில் விண்ணப்பியுங்கள். 7.5-இல் கிடைத்தால் அது தேவைப்படாது. பொதுப் பிரிவில் சேர வேண்டி வந்தால் அந்தக் கட்டணச் சலுகை கைகொடுக்கும்.

நீங்கள் திருப்பூரிலிருந்து வர முடியுமா?

பென்னாகரத்தான்

இன்று ராத்திரி பஸ்.

தேன்சிட்டு

போகும்போது இதையும் குறித்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் காலேஜில் சேர்ந்த பிறகு புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். காலேஜ் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கணக்கு அவள் பெயரில் இருக்கட்டும், உங்கள் பெயரில் வேண்டாம்.

பென்னாகரத்தான்

மூன்று நாளாக இங்கே வர முடியவில்லை. திருத்திவிட்டார்கள். முதல் பள்ளியில் தலைமை ஆசிரியர் பயிற்சிக்குப் போயிருந்தார், மறுநாள்தான் கையெழுத்து கிடைத்தது. உதவி மையத்தில் இருந்த மேடம் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "இந்த வாரம் நீங்கள் ஆறாவது ஆள்" என்றார். எல்லாமே பிரவுசிங் சென்டரில் அடித்ததுதானாம். சித்தப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை, பணத்தை எடுத்துக்கொண்டு வட்டிக்கு வாங்கியவரிடமே திருப்பிக் கொடுக்கப் போய்விட்டார். அது வட்டிப் பணம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

ஆற்றங்கரை

அலாட்மென்ட் வந்ததும் என்ன செய்வது என்பதையும் வாத்தியார் சொல்லிவிட்டால் நல்லது. மற்றவர்களுக்கும் உதவும்.

கணக்கு_வாத்தியார்

முதலில் வருவது தற்காலிக ஒதுக்கீடு. அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது, கொடுத்த கெடுவுக்குள் பதில் சொல்ல வேண்டும். பிடித்திருந்தால் ஏற்றுக்கொண்டு சேர்கிறேன் என்று கொடுத்துவிட்டு, சொன்ன நாளுக்குள் காலேஜில் போய்ச் சேர வேண்டும். இது இருக்கட்டும், மேலே இருப்பது யாராவது விலகிக் காலியானால் அதைக் கொடு என்றும் கேட்கலாம். அப்படிக் கேட்டால் உதவி மையத்தில் கட்டணம் செலுத்தி இடத்தை உறுதி செய்ய வேண்டும். மேலே கிடைத்துவிட்டால் பழைய இடம் போய்விடும், "இல்லை, பழையதே இருக்கட்டும்" என்று திரும்ப முடியாது. முன்பெல்லாம் ஒதுக்கீடு வாங்கிவிட்டுச் சேராமல் இருப்பார்கள், அந்த இடம் வருடம் முழுக்கக் காலியாகவே கிடக்கும். இப்போது கெடு தாண்டினால் அடுத்தவருக்குப் போய்விடும்.

பென்னாகரத்தான்

வந்துவிட்டது. பொதுப் பிரிவில் ஓசூர் பக்கம் ஒரு சுயநிதிக் காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ். 7.5-இல் சேலம் அரசுப் பொறியியல் கல்லூரியில் இசிஇ.

நான் ஒரு நாள் முழுக்க ஓசூர் பக்கமே பேசினேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அவள் நோட்டை எடுத்து வந்து காட்டினாள். இரண்டிரண்டாகக் கேட்டு வரிசைப்படுத்தியதில் சேலம் இசிஇ எட்டாவது, ஓசூர் நாற்பத்தொன்று. அந்த வரிசைக்கு நானும் சரி என்று சொல்லியிருக்கிறேன், மறந்துவிட்டது. சேலத்தையே உறுதி செய்துவிட்டோம்.

கிண்டி2003

வாழ்த்துகள் தம்பி. 1966-இல் தொடங்கிய காலேஜ். எங்கள் ஆபீசில் அங்கே மெட்டலர்ஜி படித்தவர் ஒருவர் இருக்கிறார், ஊர்ப் பெருமை தாங்க முடியாது.

கோவைக்குசும்பன்

சேர்க்கை ஆலோசகர் அண்ணன் கணக்கையே மூடிவிட்டார் போலிருக்கிறது. யாராவது கவனித்தீர்களா?

பென்னாகரத்தான்

திங்கட்கிழமை சேலம் காலேஜ் இருக்கும் கருப்பூர் போகிறோம். சித்தப்பாவும் வருகிறேன் என்கிறார். ஒரிஜினலோடு எத்தனை ஜெராக்ஸ் எடுத்துப் போக வேண்டும் சார்?

கணக்கு_வாத்தியார்

எல்லாவற்றிலும் ஐந்து. டிசியில் மட்டும் பத்து எடுங்கள், கொடுத்த பிறகு உங்கள் கையில் அது இருக்காது. ஜெராக்ஸ் எடுக்க அந்தப் பிரவுசிங் சென்டருக்குப் போகாதீர்கள்.